மகனின் ஸ்கூல் பையில் வேப்: தடை செய்த பொருள் எப்படி வந்தது, இனி என்ன செய்வது?

கேள்வி:

கோவையில் இருந்து எழுதுகிறேன். மகன் பதினொன்றாம் வகுப்பு, வயது 16. போன வாரம் ஸ்கூல் பையைத் துவைக்கப் போட எடுத்தபோது உள் ஜிப்பில் ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று இருந்தது. மாம்பழ வாசனை. அட்டையில் ‘10 மி.லி., 5%’ என்று போட்டிருந்தது. கேட்டால், "வெறும் ஃப்ளேவர் ஆவிம்மா, நிக்கோடின் எல்லாம் இல்ல, கிளாஸ்ல பாதிப் பேர்கிட்ட இருக்கு" என்கிறான். அவனுடைய ஜிபே கணக்கில் இருந்து யாரோ ஒருவர் பெயருக்கு மூன்று தடவை 1,400 ரூபாய் போயிருக்கிறது. இதைத்தான் இந்தியாவில் தடை செய்துவிட்டார்களே, பிறகு எப்படிக் கிடைக்கிறது? ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு மிரட்டு மிரட்டினால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். பள்ளிக்குத் தெரிந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். வீட்டில் 4 வயதில் மகளும் இருக்கிறாள். மே மாதம் சிங்கப்பூரில் நாத்தனார் வீட்டுக்குப் போக டிக்கெட் போட்டிருக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

— ஒரு தாய், கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தச் சாதனம் இப்போது எங்கே இருக்கிறது? பீரோவிலோ சமையலறை அலமாரியிலோ வைத்திருந்தால் முதலில் அதைச் சின்னவள் கைக்கு எட்டாமல் ஆக்குங்கள். 5% என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் நிக்கோடின். 10 மில்லி நிரம்பிய புதுச் சாதனத்தில் 500 மில்லிகிராம் இருக்கும். நான்கு வயதுக் குழந்தை அதில் கொஞ்சம் வாயில் வைத்தாலும் வாந்தி, வியர்வை, முகம் வெளிறுவது, நெஞ்சுப் படபடப்பு எனத் தொடங்கி வலிப்பு வரை போகலாம். மாம்பழ வாசனை வருவதை எந்தக் குழந்தையும் வாயில் வைத்துப் பார்க்கும். அப்படி நடந்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, சாதனத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். திரவம் தோலில் பட்டாலும் நிக்கோடின் உள்ளே இறங்கும். ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும்.

சாதனத்தையும் அட்டையையும் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வாய் வைக்கும் துளையில் டேப் ஒட்டி, ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. நசுக்கினாலோ எரித்தாலோ தண்ணீரில் போட்டாலோ தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். மாநகராட்சிக் குப்பை வண்டியில் போட்டால் அங்கே அமுக்கும்போது அதே ஆபத்து. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுப்பதுதான் சரி. கொடுக்கும் வரை மணல் போட்ட தகர டப்பாவில் வைத்திருங்கள்.

மகன் சொல்கிற "வெறும் ஆவி" விஷயத்துக்கு வருவோம். வேப் என்கிற இந்த மின் சிகரெட்டில் இருந்து வருவது நீராவி இல்லை. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், அதை ஒட்டித் திரவத்தில் ஊறிய பஞ்சு, வாயால் இழுப்பதை உணரும் சிறிய சென்சார், அவ்வளவுதான். இழுத்ததும் சுருள் 200 டிகிரிக்கு மேல் சூடாகித் திரவத்தை நுண்துளிகளாக்கி அனுப்புகிறது. திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள்கள், நிக்கோடின் இருக்கும். திரவம் தீரும் கட்டத்தில் பஞ்சு காய்ந்து கருகும். ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் வாயுக்கள் அப்போதுதான் மிகுதியாக வரும். 1,400 ரூபாய் கொடுத்தாயிற்றே என்று பையன்கள் கருகல் சுவை வந்த பிறகும் விடாமல் இழுப்பார்கள். சுருளிலும் அதன் பற்றவைப்பிலும் இருந்து நிக்கல், குரோமியம், ஈயம் கலந்து வருவதையும் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

"நிக்கோடின் இல்லை" என்பதை அவன் நம்பியே சொல்லியிருக்கலாம். விற்றவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஆனால் அட்டையில் 5% என்று போட்டிருக்கிறதே, அது நிக்கோடின் அளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கக் கூடாது. இது அதைவிட இரண்டரை மடங்கு. இவ்வளவு நிக்கோடினைப் பழைய வகைத் திரவத்தில் கலந்தால் தொண்டை எரிந்து முதல் இழுப்பிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். பென்சாயிக் அமிலம் சேர்த்து அதை உப்பாக மாற்றியதும் காரம் போய்விட்டது. இதுவரை ஒரு சிகரெட்கூடத் தொடாத பிள்ளையால் இருமாமல் இழுக்க முடிவதற்கு இந்த உப்புதான் காரணம். ‘0%’ என்று போட்டு விற்றவற்றைப் பல நாடுகளில் சோதித்தபோது அவற்றிலும் நிக்கோடின் இருந்தது.

பயமுறுத்துவதற்காக இணையத்தில் சுற்றும் எல்லாவற்றையும் அவனிடம் ஒப்பிக்க வேண்டாம். ஒன்று பொய் என்று அவன் கண்டுபிடித்தாலும் மீதி எதையும் நம்ப மாட்டான். நுரையீரலின் சின்னக் காற்றுக் குழாய்கள் தழும்பேறி அடைபடும் ‘பாப்கார்ன் நுரையீரல்’ என்று ஒரு நோயைச் சொல்வார்கள். வேப்பால் அது வந்ததாக உறுதியான நோயாளி இதுவரை இல்லை. 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்குத் திடீரென நுரையீரல் பழுதானது உண்மை: 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காரணம் கள்ளச் சந்தையில் வந்த கஞ்சா எண்ணெய்க் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட். சாதாரண நிக்கோடின் வேப்பில் உறுதியாகத் தெரிந்தவை வேறு: பழக்கம் பிடித்துக்கொள்வது, இருமல், ஆஸ்துமா இருந்தால் அது கூடுவது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவது, கிடைக்காத நேரத்தில் எரிச்சலும் கவனச் சிதறலும். மூளையின் வளர்ச்சி 25 வயது வரை நடப்பதால் 16இல் நிக்கோடின் பிடிப்பது 40இல் பிடிப்பதைவிட வேகமாகவும் ஆழமாகவும் இருக்கும். "இங்கிலாந்தில் டாக்டர்களே இதைக் கொடுக்கிறார்கள்" என்றும் அவன் சொல்லக்கூடும். அங்கே பரிந்துரைப்பது உண்மைதான். பல வருடம் சிகரெட் பிடித்து விட முடியாமல் தவிக்கிற பெரியவருக்கு, சிகரெட்டுக்குப் பதிலாக. உங்கள் மகன் எதற்குப் பதிலாக இழுக்கிறான்?

இனி சட்டம். தமிழ்நாடு 2018லேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டு டிசம்பரில் அதை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பது, வினியோகிப்பது, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சரக்கைப் பதுக்கி வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 வரை அபராதம். நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தப் பெயரில் எந்த வடிவில் வந்தாலும், சூடாக்கி ஆவி இழுக்கிற மின்சாதனம் எல்லாம் இதில் அடங்கும். ‘ஹெர்பல் வேப்’, ‘வைட்டமின் பேனா’ என்று பெயர் வைத்தும் தப்ப முடியாது.

இழுப்பவருக்கு என்று தனியாக ஒரு தண்டனைப் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. குறி விற்பவன் மேல்தான். அதற்காக "வச்சிருந்தா தப்பில்ல" என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்த வகையில் வைத்திருப்பதும் விதிமீறல் என்று சுகாதார அமைச்சகம் 2023இல் சொல்லியிருக்கிறது. பெற்றோர்கள் கவனிக்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. நான்கு நண்பர்கள் காசு போடுவார்கள், ஒருவன் தன் ஜிபேயில் இருந்து அனுப்பி வாங்கி எல்லோருக்கும் கொடுப்பான். லாபம் ஒரு ரூபாய்கூட இருக்காது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வினியோகம். இலவச மாதிரி கொடுப்பதையே வினியோகம் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று 1,400-ம் அவனுக்கு மட்டும் வாங்கியதா, கூட்டாக வாங்கியதா என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு இது ஒரு காரணம். மருத்துவக் காரணம் ஒன்றும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

தடை செய்தும் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடை வாசலில் தொங்கவில்லை, அதனால் வேறு வழியில் வருகிறது. இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் கணக்கு, யுபிஐயில் பணம், கூரியரில் அல்லது டூவீலரில் டெலிவரி. வெளிநாட்டில் இருந்து பெட்டியில் கொண்டுவருபவர்களும் உண்டு. வாங்குபவனிடம் வயதுச் சான்று கேட்கப் போவது யார்?

அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் இந்தச் சந்தை எப்படி நகரும் என்பது புரியும். ஜூல் என்ற நிறுவனம் 2015இல் பென்டிரைவ் மாதிரி இருந்த ஒரு சாதனத்தை இறக்கியது. அதில் மில்லிக்கு 59 மில்லிகிராம் நிக்கோடின் உப்பு. அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் வேப் இழுத்தவர்கள் 2017இல் 11.7%. அடுத்த ஆண்டே 20.8%. 2019இல் 27.5%. அதன் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 2019 டிசம்பரில் புகையிலை வாங்கும் வயதை 21 ஆக்கினார்கள். 2020 தொடக்கத்தில் பழ வாசனைக் குப்பிகளுக்குத் தடை போட்டார்கள். அந்தத் தடை மாற்றிப் போடும் குப்பிகளுக்கு மட்டும். ஒருமுறை இழுத்துத் தூக்கிப் போடும் சாதனங்களை விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பஃப் பார் என்ற பெயர் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்தது அப்போதுதான். புகையிலையில் இருந்து எடுத்த நிக்கோடினுக்குத்தானே சட்டம் என்று, ஆய்வகத்தில் செய்த செயற்கை நிக்கோடினுக்குச் சில நிறுவனங்கள் மாறின. அந்த ஓட்டையை அடைக்க 2022இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. இங்கிலாந்து 2025 ஜூன் 1 முதல் தூக்கிப் போடும் சாதனங்களைத் தடை செய்ததும் அதே நிறம், அதே வாசனை, அதே விலையை ஒட்டி, சார்ஜ் போடும் துளையும் மாற்றிப் போடும் குப்பியும் மட்டும் சேர்த்த சாதனங்கள் கடைக்கு வந்துவிட்டன. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் இருந்து மருந்துக் கடையில் மட்டும்தான் வேப் என்று ஆக்கியது. கள்ளச் சந்தை அங்கேயும் ஓயவில்லை.

இதையெல்லாம் வைத்துத் தடையால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 27.5% என்று இருந்தது 2024இல் 7.8% ஆக இறங்கியிருக்கிறது. வயது வரம்பு, வாசனைக் கட்டுப்பாடு, கடைகளுக்குப் போன எச்சரிக்கை, பள்ளிகளில் பிரசாரம், இடையில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடியது, எல்லாம் சேர்ந்து நடந்தது அது. நம் ஊரிலோ ஜூல் வரத் திட்டமிட்டிருந்த ஆண்டிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். மளிகைக் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் வேப் இல்லாமல் இருப்பதற்கு அந்தத் தடைதான் காரணம். அது நல்லதுதான். ஆனால் கதவைச் சாத்தியதோடு உள்ளே வரும் சரக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆளும் இல்லாமல் போனார். அளவு வரம்பு இல்லை, சோதனை இல்லை, அட்டையில் எழுதியிருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை. எனக்கு இன்னும் பொறுக்காத ஒன்று இருக்கிறது: ஆவி சாதனத்தை முழுதாகத் தடை செய்த அதே நாட்டில் சிகரெட்டை டீக்கடையில் ஒற்றை ஒற்றையாக விற்கிறார்கள். 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, பள்ளியில் இருந்து 100 கெஜத்துக்குள் கடையே இருக்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் மகனின் பள்ளி வாசலில் இருந்து நடந்து பாருங்கள், தெரியும். வேப்பை மட்டும் பிடுங்கிவிட்டு விட்டால் அவன் போய் நிற்கும் இடம் அந்த டீக்கடையாகவோ, உதட்டுக்குள் அடக்கி வைக்கும் கூல் லிப் மாதிரிப் புகையிலைப் பொட்டலமாகவோ இருக்கலாம். விடவைப்பது என்றால் நிக்கோடினை விடவைப்பது.

ஸ்டேஷன் யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். 18 வயது ஆகாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே அங்கே நடக்கப்போவது வெறும் மிரட்டல்தான். அது இரண்டு வாரம் வேலை செய்யும். பிறகு அவன் இன்னும் கவனமாக ஒளிப்பான். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. சந்தையில் இப்போது வேறு பொருள்களும் கலந்து வருகின்றன. 2025இல் சிங்கப்பூரில் கைப்பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட வேப்புகளைச் சோதித்தபோது சுமார் மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் மருந்து அது. இழுத்தவர் தள்ளாடுவார், கை கால் உதறும், நினைவு தப்பும். ஒருநாள் நண்பன் கொடுத்ததை இழுத்து அப்படி ஏதாவது ஆனால், "அம்மா, நான் ஒன்ன இழுத்தேன், ஒரு மாதிரி இருக்கு" என்று அவன் உங்களிடம் சொல்ல வேண்டும். போலீஸிடம் கூட்டிப்போன அப்பாவிடம் சொல்வானா?

சட்டத்தை விற்பவன் மேல் திருப்புங்கள். பணம் போன கணக்கின் பெயர், யுபிஐ ஐடி, தேதி, தொகை, இன்ஸ்டா கணக்கின் ஸ்கிரீன்ஷாட், கூரியர் கவர் இருந்தால் அதன் போட்டோ, சாதனத்தின் அட்டை ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள். சப் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத காவல்துறை அதிகாரிக்கு இந்தச் சட்டத்தின் கீழ் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகமும் புகார் தெரிவிக்க ஓர் இணையதளத்தை 2023இல் திறந்தது. புகாரை எழுதும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். மகன் கூட்டாக வாங்கிக் கொடுத்தவனாக இருந்தால் வார்த்தைகளைப் பார்த்துத்தான் போட வேண்டும். புகார் கொடுக்கப் போவதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது, பின்னால் தெரிந்தால் காட்டிக்கொடுத்ததாக நினைப்பான்.

மகனிடம் பேசும்போது "யார் குடுத்தா?" என்பதில் ஆரம்பிக்காதீர்கள். நண்பனைக் காப்பாற்றுவதில் அவன் முனைந்துவிடுவான், பேச்சு அங்கேயே நின்றுபோகும். "எப்போ கண்ணு ஆரம்பிச்சது? இழுக்காம இருந்தா எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். எதிரெதிரே உட்கார வைத்துப் பேசுவதைவிட வண்டியில் போகும்போதோ மாலை நடக்கும்போதோ பேச்சு எளிதாக வரும். முதல் நாளே எல்லாவற்றையும் கறக்க வேண்டும் என்று இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் பேச வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஒருவர் மிரட்டி ஒருவர் மறைத்தால் அந்த இடுக்கில் அவன் நுழைந்துகொள்வான்.

அவன் எவ்வளவு பிடிபட்டிருக்கிறான் என்பதைச் சில கேள்விகளே காட்டிவிடும். காலையில் எழுந்து அரை மணிக்குள் இழுக்கத் தோன்றுகிறதா? வகுப்பு நடக்கும்போது பாத்ரூமுக்குப் போய் இழுக்கிறானா? இரவில் அதற்காகவே விழிப்பு வருகிறதா? விட்டுப் பார்த்து முடியாமல் போயிருக்கிறதா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்றாலும் பழக்கம் பிடித்துவிட்டது. முதல் கேள்விக்கு ஆம் என்றால் கொஞ்சம் பலமாகவே.

அந்த மூன்று பணப் பரிமாற்றங்களின் தேதிகளையும் எடுத்துப் பாருங்கள். பத்து நாளுக்கு ஒன்று என்று இருந்து, அவன் ஒருவனே இழுத்திருந்தால் நாளுக்கு ஒரு மில்லி திரவம், அதில் 50 மில்லிகிராம் நிக்கோடின். ஜூல் குப்பி ஒன்றில் 0.7 மில்லி திரவத்தில் சுமார் 41 மில்லிகிராம் இருந்தது. அதை 20 சிகரெட் உள்ள ஒரு பாக்கெட்டுக்குச் சமம் என்று அந்த நிறுவனமே சொன்னது. அப்படியானால் பையன் நாளுக்கு ஒரு பாக்கெட்டுக்கும் மேலே இருக்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒன்று, அதுவும் நாலு பேர் பகிர்ந்தது என்றால் கணக்கு வேறு, வைத்தியமும் வேறு. அட்டையில் போட்டிருக்கும் ‘இத்தனை ஆயிரம் இழுப்பு’ என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது விற்பனைக்காக ஊதிய எண்.

நிக்கோடின் உடம்புக்குள் உடைந்து உருவாகும் கோட்டினினைச் சிறுநீரில் பார்க்கும் சோதனை லேப்களில் இருக்கிறது. கடைசி மூன்று நான்கு நாளில் நிக்கோடின் உள்ளே போயிருந்தால் காட்டும், அவ்வளவே. அவனுக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது. விட்ட பிறகு தன்னை நிரூபிக்க அவனே கேட்டால் எடுக்கலாம்.

எப்போதாவது இழுப்பவன் என்றால் இன்றே நிறுத்திவிடலாம், உடம்பு பெரிதாகப் படுத்தாது. நாள்தோறும் இழுப்பவன் என்றால் அடுத்த பத்துப் பதினைந்து நாளுக்குள் ஒரு தேதியை அவனே குறிக்கட்டும். தேர்வு வாரத்தில் வேண்டாம்; சனி ஞாயிறை ஒட்டி வைத்தால் மோசமான நாள்கள் வீட்டில் கழியும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்பான். இந்தச் சாதனத்தில் அது நடக்காது. நிக்கோடின் அளவைக் குறைக்க வழியில்லை, எத்தனை இழுத்தான் என்று எண்ணவும் வழியில்லை; குறைப்பதற்கு என்று இன்னொன்று வாங்கித் தருவதும் குற்றம்.

நிறுத்திய சில மணி நேரத்தில் எரிச்சல் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும்: சிடுசிடுப்பு, தலைவலி, தூக்கம் வராமை, புத்தகத்தில் கண் ஓடாமை, ஓயாத பசி. இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். அந்த மூன்று நாளும் வாய்க்கு வாய் பேசினால் கண்டுகொள்ளாமல் விடுங்கள், மார்க் பேச்சை எடுக்காதீர்கள். இழுக்க வேண்டும் என்ற உந்துதல் ஒவ்வொரு தடவையும் மூன்று முதல் ஐந்து நிமிஷம்தான் நிற்கும். அந்த நேரத்தைக் கடத்த வேண்டும்: ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடிப்பது, மாடிப் படி ஏறி இறங்குவது, வாய்க்கு வறுத்த கொண்டைக்கடலை, நெல்லிக்காய், சோம்பு. எனர்ஜி டிரிங்க் வேண்டாம், இருக்கிற தூக்கமும் போய்விடும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் இழுப்பான் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். டியூஷன் முடிந்து வரும் வழி, பாத்ரூம், இரவு போன் பார்க்கும் நேரம் என்று வரும். இரவு போன் ஹாலில் சார்ஜ் ஏறட்டும். டியூஷனில் இருந்து ஒரு மாதம் அப்பா கூட்டி வரட்டும்.

பிடிப்பு பலமாக இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ நுரையீரல் மருத்துவரிடமோ காட்டலாம். 18க்குக் கீழே நிக்கோடின் சூயிங்கம்மை நீங்களே மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்; அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால் மெல்லும் முறையைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். சாதா சூயிங்கம் மாதிரி மென்று விழுங்கினால் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும், நிக்கோடினும் ரத்தத்தில் ஏறாது. மெதுவாக மென்று, மிளகு மாதிரிச் சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தச் சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்று அரை மணி நேரம் வரும். மெல்லும்போதும் அதற்குக் கால் மணி முன்பும் காபி, ஜூஸ், சோடா குடித்தால் வாயில் அமிலத்தன்மை ஏறி மருந்து உறிஞ்சாது. வரெனிக்ளின் என்ற மாத்திரையை 16 முதல் 25 வயது வரை உள்ள வேப் பழக்கக்காரர்களுக்கு ஆலோசனையோடு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2025இல் வெளியானது. மூன்று மாத முடிவில் பாதிப் பேர் விட்டிருந்தார்கள், போலி மாத்திரை எடுத்தவர்களில் 14% பேர்தான். ஆனால் இங்கே அது பெரியவர்களுக்கான மருந்து. நிபுணர் பார்த்துச் சொன்னால் மட்டும்.

போனில் பேச, தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. மனக் கலக்கம் அதிகமானால் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். முதல் இரண்டு வாரத்தில் ஒரு தடவை வழுக்குவது சாதாரணம். "எல்லாம் போச்சு" என்று நீங்கள் சொன்னால் அவனும் அப்படியே எடுத்துக்கொள்வான். எங்கே, யாரோடு இருந்தபோது நடந்தது என்று கேட்டு அந்த ஓட்டையை அடையுங்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை, நீங்களாகப் போய் எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கவுன்சிலரோ நம்பிக்கையான வகுப்பு ஆசிரியரோ இருந்தால் பேசுங்கள். பாத்ரூம் போகும் நேரத்தைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லலாம். பள்ளியே பிடித்துக் கூப்பிட்டால் மருத்துவரிடம் காட்டிய சீட்டைக் கொண்டுபோங்கள். சிகிச்சை நடக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு டி.சி. கொடுக்கத் தலைமையாசிரியர் யோசிப்பார். "கிளாஸ்ல பாதிப் பேர்" என்பதை அப்படியே நம்ப வேண்டாம். இழுக்கிற பிள்ளைக்குத் தன் கூட்டம்தான் வகுப்பாகத் தெரியும்.

சிங்கப்பூர் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம், ஆனால் பெட்டி கட்டும்போது நீங்களே உடன் இருங்கள். அங்கே 2018 பிப்ரவரி முதல் வேப் வாங்குவது, வைத்திருப்பது, இழுப்பது எல்லாமே குற்றம். கொண்டுபோவது இறக்குமதிக் குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள்: 18க்குக் கீழே முதல் தடவை பிடிபட்டாலே 500 சிங்கப்பூர் டாலர் அபராதம், பெரியவர்களுக்கு 700. எட்டோமிடேட் இருந்தால் அது போதைப்பொருள் வழக்கு. வெளிநாட்டவர் என்றால் திருப்பி அனுப்பி, மறுபடி நுழையவும் விடாமல் செய்யலாம். அவன் வாங்கியதில் என்ன கலந்திருக்கிறது என்று அவனுக்கே தெரியாது என்பதை மட்டும் கிளம்பும் முன் சொல்லிவையுங்கள். பழைய பை, ஜீன்ஸ் பாக்கெட், பென்சில் பாக்ஸ் மூன்றையும் அவன் முன்னாலேயே தட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள்.